அரசாங்கத்துக்கு எங்கை நொந்தது

அக்கராயனில் இருந்து கிளிநொச்சிக்குப் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மடியில் சோற்றுப் பை வைத்திருந்த மூத்தவர் திடீரென்று கேட்டார்.

"உன்ர பெடியன் முறிச்சது என்ர பெடியன்ர கையை. அரசாங்கத்துக்கு எங்கை நொந்தது?"

"எனக்கென்ன தெரியும் அக்கா. வழக்கு இப்ப அரசாங்கத்தின்ரயாம். நீங்கள் வெறும் சாட்சிதானாம்."

"நாங்கள் கோயிலடியில கதைச்சு முடிச்சதெல்லே. கை பொருந்துமட்டும் எங்கட வயலுக்கு அவன் தண்ணி கட்டுறதெண்டு. கட்டுறான்தானே?"

"இண்டைக்கும் விடியக் கட்டிப்போட்டுத்தான் சைக்கிளில கோட்டுக்குப் போனவன். மறியலில அடைச்சாலும் அடைப்பினம் எண்டு லோயர் சொல்லுறார்."

"அடைச்சால் என்ர பயிருக்கு நீதவானே வந்து தண்ணி கட்டுறது?"

பஸ் சந்திக்குச் சந்தி நின்று ஆள் ஏற்றியது. அதற்குள் வழக்கைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று நான்தான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்களுக்குள்ள ராசியாப் போச்செண்டு நான் அங்க சொல்லுவன்."

"கேட்டதுக்கு மட்டுந்தான் மறுமொழி சொல்லலாமாம் அக்கா."

நீதிமன்றத்துக்கு முன்னால், கோட்டடியில் பஸ் நின்றது. இளையவர் எழும்பத் தயங்கினார்.

"மற்றப் பகுதியோட கதைக்க வேண்டாமெண்டும் லோயர் சொன்னவர்."

"சரி, இறங்கினாப் பிறகு நாங்கள் கோவம்" என்ற மூத்தவர் சோற்றுப் பையை அவரிடம் கொடுத்தார். "இதை நீ கொண்டு போ. உன்ர பெடியனுக்கும் சேத்துத்தான் கட்டினனான். உள்ளுக்கை கூப்பிட முதல் சாப்பிடக் குடு."