நான்காம் படியில் இருந்த வரி

இந்த நாற்காலியே போதும், இன்ஸ்பெக்டர் ஐயா. வேலையிடத்திலும் எனக்கு முதுகு சாயாத நாற்காலிதான்.

நான் கையேடு எழுதுகிறவன். லினக்ஸ் கணினிகளில் உள்ள மென்பொருள்களைப் புதுப்பிக்க எங்கள் நிறுவனம் ஒரு கருவி செய்திருக்கிறது. அதை எப்படி இயக்குவது என்று படிப்படியாக எழுதுவதும் அவ்வப்போது திருத்துவதும் என் பிழைப்பு. இதையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்பார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான் என்று நானும் சிரித்துவிட்டுப் போவேன்.

மச்சினன் மட்டும் விடமாட்டான். என் மனைவியின் தம்பி. ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிகள் அத்தனையும் அவன் பொறுப்பு. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "அத்தான் எழுதுறத அத்தானே ரெண்டாந்தரம் படிக்க மாட்டாரு" என்றான். மனைவி சிரித்தாள். மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்கு வலித்தது. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்தேன்.

கையேட்டின் நான்காம் படியில் ஓர் எச்சரிக்கை இருந்தது. புதுப்பித்ததும் கணினி தானே அணைந்து மீண்டும் எழும். நோயாளிகளைக் கண்காணிக்கும் கணினி என்றால் முதலில் அந்த வேலையை மாற்றுக் கணினிக்கு விட்டுவிடுங்கள் என்று. அடுத்த திருத்தத்தில் அதை எடுத்துவிட்டேன். நல்ல வரி, எடுக்க மனசே வரவில்லை. அவன் படிக்காதவன் என்றால் பழக்கப்படி மாற்றிவிட்டுத்தான் செய்வான், யாருக்கும் ஒன்றும் ஆகாது. படிக்கிறவன் என்றால் தெரிந்துவிடும். இதில் என்ன அநியாயம், சொல்லுங்கள்.

மச்சினன் வேலையை மாற்றாமலேயே புதுப்பித்தான். கணினி மீண்டும் எழக் கொஞ்ச நேரம்தான் ஆயிற்று. அதற்குள் தீவிர சிகிச்சைப் பிரிவில் திரைகள் இருண்டன. அங்கே படுத்திருந்த ஒரு பேருந்து ஓட்டுநருக்கு மூச்சு தடுமாறி நின்றே போயிற்று. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. செவிலி வேறு கட்டிலருகே இருந்தார், பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது.

விசாரணையில் மச்சினன், "கையேட்ட நான் தொறக்கவே இல்ல சார். என் கவனக்குறைவுதான்" என்றான். வேலை போயிற்று. ஜெயிலுக்கும் போவான் என்கிறார்கள். என் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்றுதான் நான் வந்திருக்கிறேன் என நினைப்பீர்கள். அதற்காக வரவில்லை. அந்தப் பொய்யைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவன் படித்தான், ஐயா. அன்று காலை எனக்குப் போன் செய்தான்.

"அத்தான், நாலாவது படியில கம்ப்யூட்டர மாத்திக்கச் சொல்லி ஒரு வரி இருந்துச்சே, காணோமே?"

"புது வெர்ஷனுக்கு அது வேண்டாம்ப்பா. தானா பாத்துக்கும்."

"நெஜமாவா? உள்ள ஆளுங்க படுத்திருக்காங்க அத்தான்."

"எழுதுனவன் நான் சொல்றேன்."

"சரி, நீங்க சொன்னா சரிதான்."

சோதனை அதோடு முடிந்துவிட்டதே, அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். ஆனால் அவன் கேட்டது என் காதில் மட்டும்தான் விழுந்தது. மேசையில் சிரித்தவர்கள் கேட்கவில்லையே.

இந்தப் போன் பேச்சை அவன் உங்களிடம் மூச்சுவிட்டிருக்க மாட்டான். விசாரணை முடிந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவையும் பாப்பாவையும் நல்லா பாத்துக்கங்க அத்தான்" என்றான். சம்பந்தமே இல்லாமல் எதற்கு அதைச் சொன்னான் என்று வழியெல்லாம் யோசித்தேன். வேறென்ன இருக்கும், நான் எழுதியதை வரி விடாமல் படித்தேன் என்று சொல்ல அவனுக்கு இன்னும் மனசு வரவில்லை.