மொறிஸ் மைனருக்கு ஒரு கேன் தண்ணீர்

பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் அதன் சத்தத்தைக் கேட்க வேண்டும். பெயின்ற்றைப் பார்த்து மயங்கக் கூடாது. கிருலப்பனையில் ஒரு கராஜில் பதினெட்டு வருடமாக நான் கிளார்க். டைப்ரைட்டருக்கு முன்னால் இருந்தபடி எஞ்சின்கள் இருமுவதைக் கேட்டுக் கேட்டே எந்தக் காருக்கு என்ன வருத்தம் என்று சொல்லப் பழகிவிட்டேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்காரர் யாரும் என்னை, கொன்ஸ்ரன்ஸ் மிஸ்ஸைக் கேட்காமல் கார் வாங்குவதில்லை.

அதனால் நமசிவாயம் என்னைக் கேட்டதில் அதிசயமில்லை. என் தங்கை டோரினைக் கட்டவிருந்தவர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வெள்ளவத்தையில் லொட்ஜ் அறை, கோட்டையில் காப்புறுதிக் கந்தோரில் வேலை. சைவக்காரர் என்றாலும் டோரினுக்காக ஞாயிறு பூசைக்கு வருவார். எல்லோரும் எழும்பும்போது இருப்பார், இருக்கும்போது எழும்புவார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. நல்ல பிள்ளை. அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

டோரினுக்கு ஒன்பது வயதில் அம்மா கண்ணை மூடினார். அன்றிலிருந்து தலை பின்னிவிட்டது, கோயிலில் முதல்நன்மை வாங்க உடுப்புத் தைத்தது எல்லாம் நான். ஹெக்டர் என்று ஒருவர் என்னைப் பெண் கேட்டு வந்தார். தங்கையைத் தனியே விட மனமில்லை என்று அனுப்பிவிட்டேன். குறையாகச் சொல்லவில்லை. கலியாணம் முடிய வெள்ளவத்தையில் வீடு எடுப்போம், ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வந்து உங்களைப் பார்ப்போம் அக்கா என்றாள் டோரின். ஞாயிற்றுக்கிழமைகளில். அதற்குத்தான் கார்.

பாலாடை நிறத்தில் ஒரு மொறிஸ் மைனர். சொந்தக்காரர் ஹியூபேட் அவுஸ்திரேலியாவுக்குப் போகிற அவசரத்தில் விற்றார். நமசிவாயம் அதை ஓட்டிப் பார்க்க எடுத்துவந்து கராஜ் வாசலில் நிறுத்தியபோது பொனற்றுக்கு அடியால் மெல்ல ஆவி பறந்தது. எங்கள் மெக்கானிக் ஷிப்லியிடம் பார்க்கக் கொடுத்துவிட்டுக் கந்தோருக்குப் போனார்.

ஷிப்லி அரை நாள் பார்த்தார்.

"மிஸ், மூஞ்சி அழகு, நெஞ்சிலதான் நோவு. எஞ்சின் ஹெட்டுல மயிர் மாதிரி ஒரு வெடிப்பு ஈக்கிது. சும்மா ஓடினா ஓடும். ட்ரபிக்ல அரை மணித்தியாலம் ஊர்ந்தா பொகஞ்சி நிண்டுரும். எடுக்க வாணாம்னு மாப்புளகிட்ட சொல்லுங்க."

வாங்குகிறவருக்காகக் காரைப் பார்த்தால், குறைகளை ஒரு கடுதாசித் துண்டில் டைப் பண்ணி, திகதி போட்டு, முத்திரை குத்திக் கொடுப்பது எங்கள் கராஜ் வழக்கம். டைப் பண்ணினேன். ஷிப்லி கையெழுத்து வைத்தார். கராஜுக்குக் கொப்பி எடுக்கக் கார்பன் தாள் வைக்க மறந்துவிட்டேன். பதினெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

பின்னேரம் நமசிவாயம் வந்தார்.

"எடுக்கலாமோ அக்கா? சூடேறுது போல கிடக்கு. எனக்கு மனம் ரெண்டாக் கிடக்கு."

"பழைய கார் எண்டால் தண்ணி குடிக்கும் தம்பி. நாங்கள் தேத்தண்ணி குடிக்கிறேல்லையே?"

"ஷிப்லி என்ன சொன்னவர்?"

"ஒண்டுமில்லை எண்டார்."

அவர் முகம் மலர்ந்தது. "நீங்கள் சொன்னால் எனக்குக் காணும்."

துண்டு என் கைப்பைக்குள் இருந்தது. நான் நினைத்தது இவ்வளவுதான்: கார் நாலு தரம் நடுறோட்டில் நின்றால், ஒரு சாமான் பார்த்து வாங்கத் தெரியாத மனுசன் என்று டோரினுக்குத் தானாக விளங்கும்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் வாகனம் வாங்கினால் முதல் ஓட்டம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குத்தான். சனம் குறைவாக இருக்கும், சனிக்கிழமை போகட்டோ என்று நமசிவாயம் கேட்டார். அந்தோனியாருக்குச் செவ்வாய்தான் விசேஷம் என்றேன். செவ்வாய் என்றால் வாகனங்கள் துறைமுகப் பக்கமாக எறும்பு போல ஊரும். அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. குண்டுப் பயத்தில் துறைமுக வாசல்களுக்கு முன்னால் வாகனம் நிறுத்தக் கூடாது என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒரு வெள்ளைக் கேனும் நானே வாங்கிக் கொடுத்தேன்.

"சூடேறி நிண்டால் யோசிக்காமல் இறங்கி ஓடிப்போய்த் தண்ணி எடுங்கோ. சுணங்கினால் எஞ்சின் பிடிச்சிடும். வாசலடியில ஒரு பைப் இருக்கு."

"அக்காவுக்குத் தெரியாத விசயமே இல்லை," என்று சிரித்தார்.

டோரின் காரில் போக ஆசைப்பட்டாள். கோயிலில் சந்திக்கலாம் என்று சொல்லி, அவளை என்னோடு நடத்தியே கூட்டிப்போனேன். வெயிலும் அவ்வளவு இல்லை. வழியில் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு போனோம்.

கார் சரியாகத் துறைமுக வாசலுக்கு முன்னால் புகைந்து நின்றது. நமசிவாயம் கேனைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி ஓடினார். காவலுக்கு நின்றவர்கள் சுடவில்லை, அதற்கு அந்தோனியாருக்கு நன்றி சொல்ல வேண்டும். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்தது. காரைத் தூரத்தில் நின்று வெடிக்கவைத்துப் பார்த்தார்கள். உள்ளே கோயிலுக்கு வாங்கிய மாலை மட்டும்தான் இருந்ததாம். கார் போய்விட்டது. அவரை விடவில்லை. இன்றோடு பதினொரு மாதம்.

போன மாதம் சட்டத்தரணி சவுந்தரநாயகம் வீட்டுக்கு வந்தார்.

"வேணுமெண்டு நிப்பாட்டிப்போட்டு ஓடினதெண்டு சொல்லுறாங்கள். கார் முந்தியே பழுதெண்டு ஒரு கடுதாசி கிடைச்சாப் போதும், பெடியனை வெளியில எடுத்திடுவன். உங்கட கராஜிலதானே காட்டினவர்?"

ஷிப்லி சவூதிக்குப் போய்விட்டார். அந்த வருடம் கொழும்பில் யார்தான் மிஞ்சினார்கள். டோரின் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காட்டினவர்," என்றேன். "பிழை ஒண்டும் இருக்கேல்லை."

அவள் அழுதாள். நான் எல்லோருக்கும் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றினேன்.

இப்போது ஞாயிறு மட்டுமல்ல, ஏழு நாளும் டோரின் வீட்டில்தான். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார் என்பார்கள். செவ்வாய்தோறும் அவர் முன்னால் முழந்தாளிட்டு, அப்படி ஒரு கடுதாசி எங்கேயாவது இருந்தால் காட்டித் தாருங்கள் என்று கேட்கிறாள். துண்டு என் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது; கராஜ் கடுதாசி எதையும் கிழித்து எனக்குப் பழக்கமில்லை. புத்தகத்தை நெஞ்சோடு பிடித்தபடி நானும் அவளுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு மன்றாடுகிறேன். இப்படிப்பட்ட நேரத்தில் பிள்ளையைத் தனியே விட எனக்கு மனம் வருவதில்லை.