கீழ்க்கோர்ட்டுக்கு வந்த கேசு

அவசரம் ஒண்ணும் இல்ல தம்பி, நீ டீய குடிச்சு முடி. படிக்கச் சொன்ன பேப்பர் எங்க ஓடிப்போவுது. என் கேச கூப்புட மத்தியானம் ஆயிடும். நீ சேலம் பக்கமா? பேச்சுலயே தெரியுது. கம்பெனி வேலைக்கு வந்தவனுக்கு ஓசூர் கோர்ட்டுல என்னா வேலை? ஓ, சாட்சிக்கா. சரி, ஒக்காரு.

நான் உத்தனப்பள்ளி. பேரு ரஹமத் பீவி. மவன் ஷௌகத் அலி வீட்டுல இருக்கறேன். கேசு போட்டு ஆறு வருசம் ஆவுது. அஞ்சு வருசத்துக்கு மேல கிருஷ்ணகிரியில, பெரிய கோர்ட்டுல நடந்துச்சு. அப்புறம் கவர்மெண்டுல வரம்ப ஒசத்திட்டாங்களாம், இத்தன ஆயிரத்துக்குள்ள இருக்கற கேசெல்லாம் இனிமே கீழ்க்கோர்ட்டுக்குன்னு. எங்க வீட்டுக்குப் பதினெட்டாயிரம்னு மதிப்பு எழுதியிருந்துச்சு. அது சின்ன கேசு ஆயிப்போச்சு. வக்கீல் பரமசிவம் சிரிச்சுகிட்டே சொன்னாரு, ஒனக்கு யோகம்தான்மா, இனிமே ராயக்கோட்டையில பஸ் மாறி அலைய வேணாம்னு. கேச அங்கயே வெச்சுக்க முடியாதான்னு கேட்டேன் நான்.

ஏன்னா கேக்கற? எதிர்க்கட்சி என் மக தம்பி. வஜிஹா. ஒரே பொண்ணு.

அவ அத்தா, என் புருசன், சாவப் படுக்கையில கெடக்கறப்ப ஓசூர் வீட்ட அவ பேருக்கு எழுதி வெச்சுட்டாரு. நெனவு இல்லாத மனுசங்கிட்ட மருமவன் கைநாட்டு வாங்கிட்டான்னு ஷௌகத் குதிச்சான். என் பேருல கேசு போட்டான். நானும் வெச்சேன் கைநாட்டு. அறிவு வேணாம் எனக்கு? அன்னையிலேருந்து அந்த வாசப்படிய நான் மிதிக்கல. அவளும் எங்கூட்டுக்கு வர முடியாது.

மொத வருசம் ஆம்பளைங்க ரெண்டு பேரும் வந்தானுங்க. அப்புறம் ஷிப்டு, லீவு இல்லன்னு நின்னுட்டானுங்க. நானும் அவளுந்தான். கிருஷ்ணகிரி கோர்ட்டுல ஒரு வேப்ப மரம் இருக்குது. நான் இந்தப் பக்கம், அவ அந்தப் பக்கம். மூணு வாய்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டோம். நாலாவது வாய்தாக்கு அவ சோறு கொண்டாரல. என் தூக்குப்போசிய மெதுவா நவுத்தி வெச்சேன். எடுத்துத் தின்னா. அதுக்கப்புறம் எப்பவும் ஒரே போசியிலதான் சாப்பாடு. வக்கீல் தல தெரிஞ்சா எந்திரிச்சு அந்தாண்ட போயிடுவா. கேச தள்ளிப் போட்டா வக்கீலுக்கு சலிப்பு, எங்களுக்கு சந்தோசம். அந்த மரத்தடியில அவளுக்குத் தல கூட வாரி விட்டிருக்கேன்.

கடைசியா பாக்கறப்ப அவளுக்கு நாலு மாசம். கல்யாணமாயி ஒம்பது வருசம் கழிச்சு. மாங்கா தொக்கு வேணும்மா, அடுத்த வாய்தாக்கு எடுத்துகிட்டு வான்னா.

அடுத்த வாய்தா வரல. கேசு கட்டெல்லாம் அங்கேருந்து இங்க வரணும், புது நம்பர் போடணும். அத்தன கேசு, யாரக் குத்தம் சொல்றது? எட்டு மாசம் ஆச்சு. வக்கீல் வீட்டுக்கு நடையா நடந்தேன், தேதி போட்டாச்சான்னு. கேசு மேல என்னாம்மா இவ்ளோ வெறின்னாரு.

போன மாசந்தான் தேதி வந்துச்சு. தொக்கு பாட்டில மடியில வெச்சுகிட்டு இதே பெஞ்சுல ஒக்காந்திருந்தேன். டவாலி மூணு தரம் கூப்புட்டாரு, வஜிஹா, வஜிஹா, வஜிஹான்னு. நான் வாசலையே பாத்துகிட்டு இருக்கறேன். அவ வக்கீல் எந்திரிச்சு, எதிர்க்கட்சி பிரசவத்துல காலமாயிட்டாங்க, மூணு மாசம் ஆவுதுன்னாரு.

ஷௌகத்துக்குத் தெரியும் தம்பி. ஆள் வந்து சொல்லியிருக்குது. நான் கேச வாபஸ் வாங்கிடுவேன்னு மறைச்சுட்டான்.

அழுவ வரல அப்ப. ஜட்ஜி வாரிசுங்கள சேக்கச் சொல்லி இன்னிக்குத் தேதி போட்டாரு. புருசன், கொழந்த. எங்க சட்டத்துல பெத்தவளும் வாரிசாம். கேசு போட்டவளும் நாந்தான், அந்தப் பக்கமும் நாந்தான்.

ஆமா, கொழந்த நல்லா இருக்குதாம். பொண்ணு. இனிமே அதுதான் எனக்கு எதிர்க்கட்சி. மருமவன் தூக்கிட்டு வருவானோ என்னமோ. வக்கீலக் கேக்க வெக்கமா இருந்துச்சு. மவங்கிட்ட நான் பேசறதில்ல. டீ ஆச்சா? இந்தா, பேப்பரப் புடி. ரெண்டாவது பக்கத்துல மைனர்னு போட்டு எழுதியிருக்கும் பாரு. படிச்சு சொல்லு தம்பி, அதுக்கு என்னா பேரு வெச்சிருக்காங்க?