எனக்குன்னா வருவா

வேண்டாம்மா, அந்த டிஷ்யூ பெட்டி உங்க பக்கமே இருக்கட்டும். எனக்கு இப்பல்லாம் அழுகை வர்றதில்ல. இந்த நாற்காலிதான் பயமா இருக்கு, ஆளை உள்ள வாங்கிக்குது.

ஆமா, வீட்டுக்காரர் தவறினதுதான். போன மாசம். நுரையீரல்ல நீர் கோத்து, ரொம்ப நாளா இழுத்துக்கிட்டு கிடந்தார். கடைசியில என் மக நர்ஸா இருக்கிற வார்டுலயே சேர்த்தோம். பொண்ணு பக்கத்துல இருக்கான்னு ஒரு தைரியம்.

தூங்குறேன். சாப்பிடுறேன். கடவுள்கிட்ட உக்காந்தா மட்டும் வார்த்தை வரல. நான் சும்மா இருக்கேன், அவரும் சும்மா இருக்கார். எங்களுக்குள்ள சண்டை ஒண்ணும் இல்ல.

அவர் போன அன்னிக்கா? நான் வராண்டா பெஞ்சுல இருந்தேன். மக கதவைத் திறந்துக்கிட்டு வந்தா. பக்கத்துல உக்காந்து, தோள்ல கை வெச்சு, எங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டோம்மா, காப்பாத்த முடியல, வேற யாருக்காவது தகவல் சொல்லணுமான்னு கேட்டா. என்கிட்ட. யாருக்குச் சொல்றது, அவ அண்ணனுக்குத்தான். அப்பான்னு ஒரு வார்த்தை வரலம்மா அவ வாயில. பேஷண்ட் கடைசியில கஷ்டப்படலன்னு சொன்னா. அவளைக் குத்தம் சொல்லல. அப்படித்தானே பழக்குறாங்க, நீங்களும் அந்த வேலையில இருந்தவங்கதானே. அப்புறம் உள்ள போயி, அவரை அவளே தொடச்சு, வாயை மூடிக் கட்டி, பக்கத்துக் கட்டில்காரருக்கு மருந்தும் குடுத்துட்டு, டூட்டி முடிச்சுதான் வீட்டுக்கு வந்தா.

என்னைப் பத்தியா? சொல்றேன், சொல்றேன். ஒரே வீடுதானே, அவளை விட்டுட்டு எங்க சொல்றது.

வீட்டுலயும் வார்டு மாதிரிதான். முழங்கை வரைக்கும் கை கழுவுறா. நின்னுக்கிட்டே சாப்பிடுறா. முதுகு வலிக்குதுடின்னா, ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவுங்கிறா. ஏழுன்னேன். பத்துன்னு சொல்லியிருந்தா கட்டில்லயே கட்டிப் போட்டிருப்பா. சிரிங்க, பரவாயில்ல. அவதான் சிரிக்கல. முன்னல்லாம் வார்டு கூத்தை நடிச்சுக் காட்டி வயிறு வலிக்கச் சிரிக்க வெப்பா.

சொல்லாம இருப்பேனா? லீவு போடுடின்னேன். போட்டு என்ன பண்ணங்கிறா. யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுடின்னேன். நானே எத்தனை பேரை கவுன்சிலிங்குக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன், போம்மாங்கிறா. அண்ணன்காரன் ஃபோன்ல, அவ கல்லும்மா, ஒரு சொட்டு அழல பாருன்னு பெருமையாச் சொல்றான். கல்லாம். பெத்தவளுக்குத் தெரியாதா.

உங்களைத்தான் பாக்கணும்னு வந்தது எதுக்குன்னா, கூட்டுப் பிரார்த்தனைக்கு வர்ற ஒரு அம்மா சொன்னாங்க. நீங்க வருஷக்கணக்கா நர்ஸா இருந்து, ஒரு நாள் காலையில யூனிபார்மைப் போட முடியாம கட்டில்லயே உக்காந்துட்டீங்களாமே, அப்புறம்தான் இந்த கவுன்சிலிங் வேலைக்கு வந்தீங்களாமே. அதனாலதான். படிச்சுட்டுப் பேசுறவங்க பேச்சை அவ கேக்கமாட்டா.

இதோ, இதை மேஜையில வெச்சிடறேன். கைக்குட்டையில சுத்தியிருக்கேன், பிரிச்சுக்கங்க. ரெண்டு ஊசி மருந்துக் குப்பி. முந்தாநாள் துவைக்க எடுத்தப்ப அவ யூனிபார்ம் பாக்கெட்டுல கிடந்துச்சு. மேல என்ன எழுதியிருக்குன்னு எழுத்துக்கூட்டிப் பாத்தேன், பிடிபடல. மறதியா வந்திருக்கும்னுதான் நினைச்சேன். அன்னிக்குச் சாயங்காலம் துணிக்கூடையைக் கவுத்துப் போட்டுத் தேடினா. எதைத் தேடுறேன்னு நான் கேக்கல. அவளும் சொல்லல. அவ அப்பா போனப்புறம் எங்க வீட்டுல ஊசி போட்டுக்க ஆள் இல்லம்மா.

ஏன், பெரிய மருந்தா? சரி. சொல்ல வேணாம். உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது.

வெளியிலதான் உக்காந்திருக்கா. எனக்கு மனசு சரியில்லடி, கூட்டிட்டுப் போன்னு அழைச்சுட்டு வந்தேன். அவகிட்ட, உங்க அம்மாவைப் பத்திக் கொஞ்சம் கேக்கணும்னு சொல்லி உள்ள கூப்பிடுங்க. தனக்குன்னா வரமாட்டா. எனக்குன்னா வருவா. அவ உள்ள வந்ததும் நான் பாத்ரூம் போறேன்னு எந்திரிச்சுப் போயிடறேன்.