பொன்னையன் சொன்ன நாம

ஓடுகிறேன். ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது, தெரியாது. பின்னால் டப் என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. பிறகு இரண்டு, சேர்ந்தாற்போல. பிறகு எண்ண முடியவில்லை.

"ஓடுங்க மக்கா! வெடி வைக்கான்! நிக்காதீங்க!"

கத்துவது ஞானமுத்து சார். எங்கள் இங்கிலீஷ் வாத்தியார். அந்தக் குரலைத்தான் முதலில் எழுதி வைக்கிறேன். சார் அங்கே இருந்தார். எனக்கு நாலடி பின்னால். இதை மறந்துவிடாதீர்கள்.

1954. ஆடி மாதம். புதன்கிழமை. விளவங்கோடு தாலுகாவில் ஒரு சந்தை முக்கு. அப்போது நாங்கள் திருவனந்தபுரம் சர்க்காருக்குக் கீழே. தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனோம். போலீஸ் சுட்டது.

மரச்சீனிக் கிழங்குக் குவியலுக்குப் பின்னால் விழுகிறேன். பக்கத்தில் தாவீது விழுகிறான். நான் ஒளிவதற்கு விழுந்தேன். அவன் அப்படி விழவில்லை. அவன் சட்டை முன்பக்கம் நனைகிறது. கண் திறந்திருக்கிறது. "தாவீது" என்கிறேன். இன்னொரு முறை சொல்கிறேன். அவனுக்கு இருபது வயது. அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட் அடிப்பவன்.

தாவீதை எனக்குத் தெரிந்தது இங்கிலீஷ் வகுப்பில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, சர்ச்சுப் பள்ளிக்கூடத்தில் நடக்கும். ஆறு பேர் படித்தோம். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். நான் செல்லையன், ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிப்பவன். பொன்னையன் சந்தையில் கிழங்கு நிறுப்பவன். எங்களுக்கு மலையாளம் எழுத வராது. தமிழில் மனு கொண்டுபோனால் தாலுகா கச்சேரி ஆபீஸில் தள்ளிவிடுவார்கள். இங்கிலீஷில் நீட்டினால் குமாஸ்தா நிமிர்ந்து உட்காருவார். அதற்காகப் படித்தோம். சார் அதற்கு ஒரு சக்கரம் காசு வாங்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தாவீது கேள்வி கேட்டே கொல்லுவான். ஒரு ஞாயிறு கேட்டான்.

"சார், இங்கிலீஷ்ல நாங்கன்னா வீ. அப்ப, நாமன்னா?"

"அதுக்கும் வீதான் மக்கா."

"அது எப்பிடி சார்? நாங்கன்னா நீங்க கிடையாது. நாமன்னாதான நீங்களும் உண்டு. வெள்ளக்காரனுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா?"

சார் சிரித்தார். "அவனுக்குத் தெரியாட்டா போட்டு. நீங்க வீன்னு சொன்னா, நானும் உண்டுன்னு வச்சுக்கிடுங்க."

வைத்துக்கொண்டோம். எவ்வளவு சந்தோஷம் எங்களுக்கு.

ஊர்வலத்துக்குத் துணி என் கடையிலிருந்து. எழுத்து சாருடையது. 'வீ வான்ட் டு ஜாயின் மெட்ராஸ் ஸ்டேட்.' வெளியூர் அதிகாரிகளும் படிக்கட்டும் என்று சார்தான் இங்கிலீஷில் எழுதினார். ஒரு பக்கக் கம்பு தாவீது கையில். மறுபக்கக் கம்பு பொன்னையன் கையில். நடுவில் சார், குடையோடு. பொன்னையன் இரண்டு கையாலும் கம்பைப் பிடித்திருந்தான். சார் அவன் கையை முட்டும் தூரத்தில் நடந்தார்.

மூன்றாம் நாள் என்னையும் பொன்னையனையும் பிடித்தார்கள். பொன்னையன்தான் முதல் கல்லை எறிந்தான், அதனால்தான் சுட்டோம் என்றார்கள்.

விசாரிக்க வந்த பெரிய அதிகாரி வடக்கே எங்கிருந்தோ வந்தவர். தமிழ் தெரியாது. மலையாளமும் தெரியாது. இங்கிலீஷ் மட்டும். மொழிபெயர்க்க ஆள் வேண்டும். கூட்டிவந்தார்கள். கதவில் நிற்பது ஞானமுத்து சார்.

எனக்குப் போன உயிர் வந்தது. பொன்னையன் முகத்தைப் பார்த்தேன். அவனும் அப்படித்தான். இனிப் பயமில்லை. சார் கண்ணால் பார்த்தவர். சார் சொல்லுவார்.

பொன்னையன் பேசினான். சாரை நேராகக் கைகாட்டவில்லை. அந்த மரியாதை அவனுக்கு இருந்தது. சாரே தன் வாயால் சொல்லட்டும் என்று நினைத்திருப்பான். அதனால் அதை ஒரு சொல்லில் வைத்தான். சார் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நாமதான சார் போனோம். நாம யாரும் கல்லு எடுக்கல்ல."

நாங்க என்று சொல்லவில்லை. நாம.

சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "வீ வென்ட். வீ டிட் நாட் டேக் ஸ்டோன்ஸ்" என்றார். ஒரு சொல்கூடத் தப்பில்லை. வகுப்பில் நான் எழுதியிருந்தால் சரி போட்டிருப்பார்.

அதிகாரி கேட்டார். வீ என்றால் யார் யார்?

சார் எங்கள் இருவரையும் பேனாவால் காட்டினார். "தீஸ் டூ, சார்."

மூலையில் ஒரு காவலர். மலையாளி. அவர் பாஷையிலும் ஞங்கள் வேறு, நம்மள் வேறு. அவருக்குப் புரிந்துவிட்டது. சாரை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பாஷை தெரிந்த எல்லாருக்கும் உண்மை தெரிந்த அறை அது.

நான் கத்தினேன். வகுப்புக்கு வெளியே நான் பேசிய முதல் இங்கிலீஷ் அது.

"வீ மீன்ஸ் சார் ஆல்சோ!"

அதிகாரி புருவத்தைச் சுருக்கினார். இவன் என்ன சொல்கிறான் என்று சாரிடம் கேட்டார்.

"வீக் இன் கிராமர், சார்."

அவ்வளவுதான். பின்னாலிருந்து வலது காதில் ஓர் அறை. விண் என்று ஒரு சத்தம். அந்தக் காதில் நான் கேட்ட கடைசிச் சத்தம்.

சாருக்குச் சர்க்கார் வேலை. வீட்டில் இரண்டு குமரிகள். பயந்திருப்பார். பயத்தை நான் குற்றம் சொல்லவில்லை. நானும் ஓடியவன்தான். ஆனால் பயந்தவர் பேசாமல் நின்றிருக்கலாம். என்னைக் கிராமர் தெரியாதவன் ஆக்கியிருக்க வேண்டாம். அவர் சொல்லிக்கொடுத்ததைத்தானே நான் சொன்னேன்.

என்னை ஒன்பதாம் நாள் விட்டார்கள். பொன்னையனை விடவில்லை. மறு வருஷம் வந்தான். நெஞ்சு ஒட்டி, இருமிக்கொண்டு. சாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 1956 ஆவணியில் செத்துப்போனான்.

நவம்பர் ஒன்று. நாலு தாலுகாவும் சென்னையோடு சேர்ந்தன. வெடி போட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் நான் குனிந்தேன். சந்தை முக்கில் மேடை. மேடையில் ஞானமுத்து சார். கழுத்தில் தோவாளைப் பூமாலை. ஒலிபெருக்கியில் அவர் குரல்.

"நாம் வென்றோம்."

என் இடதுபக்கம் பொன்னையனின் அம்மை நின்றாள். என் கையைத் தொட்டாள்.

"நாமன்னு சொல்லுகாரே மக்கா. அதுல எம் பிள்ளையும் உண்டா?"

அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

எண்ணிச் சொல்கிறேன். படித்தவர்கள் ஆறு பேர். தாவீது, இருபது வயது, நெஞ்சில் குண்டு. பொன்னையன், இருபத்தாறு, நெஞ்சில் சளி. மற்ற மூன்று பேர் ஊரைவிட்டுப் போனார்கள். கடிதம் வரவில்லை. என் வலது காது. ஆறு நோட்டுப் புத்தகங்கள், சாட்சிக்கென்று போலீஸ் எடுத்துப்போனவை. சார் அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தார். நன்றாகவே இருந்தார். எதிரே வந்தால் நான் ரோட்டின் அந்தப் பக்கம் மாறி நடந்தேன். செத்தவர் இரண்டு பேர். எனக்குப் போனவர் சாரோடு சேர்த்து மூன்று பேர்.