நூல் இழுக்கும் எண்ணெய்

படகு எஞ்சினுக்கு எண்ணெய் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் டின்னின் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அது தப்பு, இன்ஸ்பெக்டர் துவான். படகுக்குள்ளே உட்கார்ந்திருக்கும் டீசல் எஞ்சின் லாரி எஞ்சின் மாதிரி அல்ல. லாரிக்கு இறக்கம் உண்டு, சிவப்பு விளக்கு உண்டு, மூச்சு வாங்கிக்கொள்ளும். படகுக்கு எல்லாமே ஏற்றம்தான். போதாததற்கு மூடிய பெட்டி, உப்புக் காற்று. ஆகவே துருவை அண்ட விடாத, சூட்டில் குணம் மாறாத எண்ணெய் வேண்டும். எஞ்சின் புத்தகத்தில் போட்டிருக்கும் அதே எண்ணெய். இருபத்தாறு வருடமாக ஈப்போவில் இதைச் சொல்லித்தான் விற்கிறேன். போலீஸுக்கும் படகு உண்டே, குறித்துக்கொள்ளுங்கள்.

கஸ்பாருக்கும் அதைத்தான் எடுத்து வைத்தேன். லுமுட்டிலிருந்து தூண்டில்காரர்களைத் தீவுப் பக்கம் கூட்டிப் போகிறவன். சாமான் வாங்க மாதம் ஒரு தடவை ஈப்போ வருவான். அவன் அப்பா சுங்காய் தோட்டத்தில் ரப்பர் ஷீட் உருட்டும் மெஷினுக்கு எண்ணெய் போட்டவர். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிரித்தால் பாகுபோல் நூல் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது எண்ணெயே இல்லை என்பது அவர்கள் வேதம். உருளைக்குச் சரி. எஞ்சினுக்கு?

கஸ்பார் டின்னைத் திறந்தான், விரலை விட்டான், பிரித்துப் பார்த்தான்.

"என்னாண்ணே இது, எஞ்சினுக்கு ஊத்த மினியாக் ஹீத்தாம் கேட்டா தண்ணிய விக்கிறீங்க லா?"

கடையில் இருந்த லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர்களில் தேவன் என்பவன் வாசலில் ஹாரன் அடித்துக் கேட்பான்: "தண்ணி அண்ணே, கடை தொறந்தாச்சா?" சுங்கை சிப்புட் வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது. வியாபாரத்தில் நட்டம் வரலாம், நக்கல் வரக்கூடாது என்று வளர்ந்தவன் நான்.

அடுத்த மாதம் அவனுக்காக ஒரு டின் தயாராக இருந்தது. டின்தான் படகு எண்ணெயின் டின். உள்ளே, மரம் அறுக்கும் ரம்பத்தின் சங்கிலிக்கு விடுகிற எண்ணெய். சங்கிலியை விட்டுச் சிதறாமல் இருக்க அதில் பசை கலந்திருப்பார்கள். எஞ்சினில் ஊற்றினால் நுரைக்கும், பிறகு இரும்போடு இரும்பு உரசும். எனக்குத் தெரியும், தெரியாது என்று நான் சொல்லவில்லை. நூல் நாலு அங்குலம் இழுத்தது.

"இதாண்ணே எண்ணெய்," என்றான் கஸ்பார்.

தேர்ந்தெடுத்தது அவன் விரல். நான் டின்னை நீட்டியதோடு சரி.

அந்தச் சனிக்கிழமை காலை போன் வந்தது. கடையில் தேவனும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். கூப்பிடுவது கஸ்பார் என்று பார்த்ததும் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, புது எண்ணெய் ஊத்தி இப்பதான் ஸ்டார்ட் பண்ணேன். பிரஷர் முள்ளு இறங்கிக்கிட்டே வருது. எல்ஸியையும் சேத்து ஏழு பேரு ஏறியாச்சு. போலாமா, வேணாமா? நீங்க சொன்னா சரி."

நீங்க சொன்னா சரி. நாலு பேர் காதிலும் விழுந்தது. தேவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"புது எண்ணெய் அப்படித்தான் தம்பி. சூடானா சரியாயிரும். போலாம்," என்றேன்.

பாதி வழியில் எஞ்சின் இறுகி நின்றது. காற்று எழும்பியது; ஓட்டம் இல்லாத படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்ந்தது. மீன்பிடிப் படகொன்று கஸ்பாரையும் இன்னொருவரையும் மட்டும்தான் உயிரோடு தூக்கியது. எல்ஸி அவன் மனைவி. நண்டுக் கறி நன்றாக வைப்பாள். ஒரு தடவை எனக்கும் கொடுத்தனுப்பினாள். கஸ்பார் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, தப்பெல்லாம் தன்னுடையது என்கிறானாம். கெட்டவன் இல்லை அவன்.

"இறங்கிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பான். டின்னுக்குள் இருந்தது என்ன என்று தேவன் முன்னால் சொல்ல வேண்டி வந்திருக்கும். துவான், இந்த ஊரில் நாணயமான எண்ணெய்க்காரன் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. எட்டுப் பேருக்காக அதைக் கெடுத்துக்கொள்ள முடியுமா?