ஃபிர்மன் போட்ட பெருக்கல் குறி

— அந்தப் பிரஷைக் கீழ போடுய்யா, ஃபிர்மன். பார்த்துட்டேன்.

— என்னத்தைப் பார்த்துட்ட? வேலிக்குப் பெயின்ட் அடிக்கிறேன்.

— வேலி அங்க இருக்கு. நீ அடிக்கிறது ஓக் மரத்துல. அதுவும் மஞ்சப் பெயின்ட். அதுவும் பெருக்கல் குறி.

— என் நிலம், என் மரம். உனக்கென்ன தபால்காரி? ரிட்டயர் ஆகி எட்டு வருஷமாச்சு, இன்னும் வீடு வீடா மோப்பம் பிடிக்கிற பழக்கம் போகல.

— கேளு. மஞ்சக் கோடுன்னா இந்த வழியா வான்னு அர்த்தம். பெருக்கல்னா இந்தப் பக்கம் வராதேன்னு அர்த்தம். ரிட்டயர் ஆனதுலேர்ந்து இந்த ஊர்ப் பாதைக்கெல்லாம் குறி போடுறவ நான். என் கோட்டு மேலயே நீ பெருக்கல் போட்டு வெச்சிருக்க.

— உன் கோடு கோணலா இருந்துச்சு.

— விளையாடாதய்யா! இது ஏழாவது மரம். சுவத்துக் கல்லு மூணு. காலையிலேர்ந்து சுரண்டிக்கிட்டே வர்றேன், நகம் பேந்து போச்சு. நாளைக்கு திருவிழா நடை. நூத்து நாப்பது பேர் பேரு குடுத்திருக்காங்க. எல்லாரும் இந்த மேட்டைச் சுத்திட்டு கோட்டை வாசலுக்கு இறங்கணும். உன் குறியை நம்பினா அத்தனை பேரும் மில் பள்ளத்துக்குப் போய் நிப்பாங்க.

— நிக்கட்டுமே. கோட்டைப் பாதையில என்ன கிடக்கு? வெயிலும் வெள்ளைக் கல்லும். மில் பக்கம் நிழல் இருக்கு. என் பொண்ணு கடை இருக்கு.

— வந்துச்சா வெளியில! செவெரின் கடைக்கு ஆள் பிடிக்கிறியா?

— பிடிச்சா என்ன? ஈஸ்டருக்குத்தான் அந்தப் பாழடைஞ்ச மில்லை வாங்கி உட்கார்ந்திருக்கா. என் ஆட்டுப்பால் சீஸ் விக்குறா. இந்தப் பத்து நாளா வியாபாரம் பரவாயில்லை. ஊர்க் குழாய் அங்க போகல, போகாட்டி போ. வீட்டுக்குப் பின்னாடி பாறையிலேர்ந்து ஐஸ் மாதிரி தண்ணி வருது. நடந்து வர்றவனுக்கெல்லாம் சும்மாவே பாட்டில் ரொப்பிக் குடுக்குறா. உங்க மேயர் குடுப்பாரா?

— நேத்துப் போனேனே, கடை பூட்டியிருந்துச்சு.

— வியாழக்கிழமைலேர்ந்து வயித்தைப் புரட்டுதாம். என் மரத்து செர்ரியை ஒரு கூடை தின்னிருக்கா. ஏழு வயசுலயும் அப்படித்தான், இப்ப நாப்பதுலயும் அப்படித்தான். கை நிக்காது அவளுக்கு.

— சரி, பொண்ணு நல்லா இருக்கட்டும். துணியைக் குடு. பெயின்ட் காயறதுக்குள்ள துடைக்கணும்.

— துடைக்காத.

— ஃபிர்மன், எனக்கு நேரமில்ல. மேற்கால பாரு, எப்படி இருட்டிக்கிட்டு வருது. மழைக்கு முன்னாடி இன்னும் நாலு கிலோமீட்டர் பார்க்கணும்.

— துடைக்காதன்னு சொன்னேன்ல?

— கையை விடுய்யா! என்ன வந்துச்சு உனக்கு? ரொட்டிக்கடை ஜினெத்கிட்ட கோட்டை ஊத்துல தவளை செத்து மிதக்குதுன்னு சொன்னியாமே? நான் போய்ப் பார்த்தேன். தவளையும் இல்ல, ஒண்ணும் இல்ல.

— நீ பார்க்குறதுக்குள்ள எவனாவது எடுத்திருப்பான்.

— எங்க நடைச் சங்கத்து மேல உனக்கு என்ன கோபம்னு நேரா சொல்லிடு.

— சொல்லவா? ரெண்டு வருஷம் முன்னாடி குகைக்குள்ள இறங்குற பயலுங்க நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்த. தண்ணி எங்க போகுதுன்னு பார்க்கணும்னு என் நிலத்துப் பாதாளக் குழியில ஒரு வாளி பச்சைச் சாயத்தைக் கொட்டினானுங்க. என் ஒயினைக் குடிச்சானுங்க, வாசல் பூரா சேறு பண்ணிட்டுப் போனானுங்க. என்ன ஆச்சுன்னு ஒருத்தன் திரும்பி வந்து சொன்னானா?

— கூட்டம் போட்டோம். நீ வரல. மேயர் ஆபீஸ் கதவுல மூணு மாசம் ஒட்டி வெச்சிருந்தோம்.

— கதவுல ஒட்டுறதை நான் படிக்கிறதில்ல. ஒண்ணு வரியா இருக்கும், இல்லாட்டி தடையா இருக்கும்.

— கடவுளே! அப்போ வீட்டுக்கு வந்து காதுல ஓதணுமா உனக்கு? நகரு. உன் நாயையும் கூப்பிடு, காலைச் சுத்திச் சுத்தி வருது.

— தபால்காரி ஓதில், ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு அந்த நூத்து நாப்பது பேரும் கோட்டை வாசல்ல நிப்பாங்களா, இல்ல அப்படியே போயிடுவாங்களா?

— நிக்காம? அங்கதானே மேசை போடுறோம். ரொட்டி, சாஸேஜ், காபி.

— காபிக்குத் தண்ணி?

— எப்பவும் எங்க எடுப்போம்? வாசல் ஊத்துலதான். ரெண்டு பெரிய அண்டா.

— காபி கொதிக்கும். அது போகட்டும். சின்னதுங்களுக்கு?

— புதினா சர்பத்.

— சர்பத் கொதிக்காதுல்ல?

— சர்பத்தை எவன்யா கொதிக்க வைப்பான்? ஃபிர்மன், என் மூஞ்சியைப் பாரு. அந்த ஊத்துல என்ன இருக்கு?

— நீ சத்தியம் பண்ணு. மேயர்கிட்டப் போகக் கூடாது. மாட்டு டாக்டர்கிட்டப் போகக் கூடாது.

— ஒரு மண்ணும் பண்ண மாட்டேன். நீ சொல்லு.

— போன மாசக் கடைசியில மழை பெஞ்சுதுல்ல. ஈரமா இருந்த குதிரைமசால் தீவன வயல்ல மந்தை பூந்துடுச்சு. வயிறு ஊதி ஏழு ஆடு போச்சு. ஒரே காலையில. ஏழும் பால் குடுக்கிற ஆடு.

— ஐயோ. ஏழா?

— கால் நாலும் மேல தூக்கிக்கிட்டுக் கிடந்துச்சு. நீ பார்த்திருந்தா சோறு இறங்காது உனக்கு.

— செத்த ஆடு ஏத்துற வண்டியைக் கூப்பிட்டியா?

— கூப்பிட்டா? வண்டிக்காரன் டாக்டர்கிட்டச் சொல்லுவான். டாக்டர் ஏழு ஒரே நாள்ல எப்படிம்பான், ரத்தம் எடுப்பான். ரத்தம் வந்து பதில் சொல்ற வரைக்கும் பால் வண்டி என் பாலை ஏத்தாது. பத்து நாள் பாலை என் காலடியில ஊத்தச் சொல்றியா? வயிறு ஊதினதுதான்னு எனக்குத் தெரியாதா? அறுபது வருஷமா ஆடு பார்க்குறேன்.

— அப்போ ஏழையும் என்ன பண்ணின?

— எங்க அப்பன் என்ன பண்ணினானோ அதான். அவன் அப்பன் என்ன பண்ணினானோ அதான். இந்த மேட்டுல குழி எதுக்கு இருக்கு? டிராக்டர்ல ஏத்தி உள்ள தள்ளிட்டேன். விழுற சத்தம் கேக்க எட்டு எண்ணணும்.

— அது நூறு வருஷமா தடை, ஃபிர்மன்! குழியில போடுறது நேரா தண்ணிக்குப் போகுதுன்னு பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்தாங்களே!

— நான் எத்தனை நாள் பள்ளிக்கூடம் போனேன்? தள்ளும்போது தோணல. அடுத்த மழை வந்தப்பதான் தூக்கம் போச்சு. குழி இங்க, ஊத்து நேர் கீழ கோட்டை வாசல்ல. ஊர்க்காரன் குழாய்த் தண்ணி குடிக்கிறான், அவனுக்கு ஒண்ணும் இல்ல. நடந்து வர்றவன்தான் அங்க வந்து பாட்டிலை நீட்டுறான். அவனை எப்படித் தடுக்குறது? பலகை வெச்சா ஏன்னு கேப்பீங்க. அதான் தவளைன்னேன். அதான் உன் பெயின்ட் டப்பாவையே எடுத்தேன்.

— என் டப்பாவையா? கொட்டகையிலேர்ந்து காணாமப் போனது நீதானா?

— திருப்பிக் குடுத்துடுறேன், பாதி இருக்கு. இதைக் கேளு. நான் கெட்டவன் இல்ல, தபால்காரி. பாதையை மாத்திவிட்டேன், ஒருத்தனும் அந்தத் தண்ணியைக் குடிக்கல. என் பொண்ணுக்கும் நாலு காசு. யாருக்கு என்ன நஷ்டம்?

— எந்தக் குழிய்யா? பள்ளத்தாக்கு ஓரத்துல இருக்கே, சின்னதா, அதுவா?

— அதுல ஒரு முயல் போகாது. மூணு ஓக் மரத்துக் குழி. உன் பயலுங்க பச்சைச் சாயம் கொட்டினானுங்களே, அதே குழி. ஏன் கல்லு மேல உட்கார்ற? நேரமில்லன்ன?

— அந்தச் சாயத்துக்காக நான் கோட்டை ஊத்துல நாற்காலி போட்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தேன். அடைமழை. ஒரு சொட்டுப் பச்சை வரல.

— வரலையா? அட! அப்போ கோட்டைத் தண்ணி சுத்தமா? நான்தான் மடையன் மாதிரி மரம் மரமா அலைஞ்சுக்கிட்டு... கொண்டா துணியை, நானே துடைக்கிறேன்!

— கேளு, ஃபிர்மன். மேல மேடு எப்படிச் சாயுதோ அப்படித்தான் அடியிலயும் தண்ணி போகும்னு நாங்களும் நினைச்சோம். பாறைக்குள்ள அதுக்கு வேற பாதை இருக்கு. ரெண்டாம் நாளே பச்சை வெளியில வந்துடுச்சு. மில் பள்ளத்துல, மில்லுக்குப் பின்னாடி பாறையில. அப்போ மில் பூட்டிக் கிடந்துச்சு, யாருக்கும் கவலை இல்ல. கதவுல ஒட்டின காகிதத்துல அதுதான் எழுதியிருந்துச்சு.

— மில்லுக்குப் பின்னாடியா? செவெரின் ரொப்பிக் குடுக்கிற தண்ணியா?

— ஃபிர்மன்? பிரஷ் கீழ விழுந்துடுச்சு.

— அப்போ அது செர்ரி இல்ல.